மண்ணின் நஞ்சை மலர் உண்ணுமா?

சென்ற மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், இரசாயன பாடம் முடிந்து மாணவர்கள் கலைந்துபோன பின்னர், சம்பூரிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி எமது மேசையருகே தயங்கி நின்றாள். பாடத்தில் ஐயம் போலும் என்று எண்ணினோம். அவள் கேட்டதோ பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி.

“சேர், செண்டுப் பூச் செடி மண்ணில் கிடக்கிற ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று வாசித்தேன். உண்மைதானா?”

காரணம் கேட்டோம், சொன்னாள். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், பத்திரகாளி அம்பாள் கோவிலாற் பெயர்பெற்ற சம்பூர்க் கிராமம், 2006ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் வெறிச்சோடிப் போனதையும், அவ்வூர் மக்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டு 2015ஆம் ஆண்டு தொடக்கம் சிறுகச் சிறுகத் திரும்பியதையும் வாசகர்கள் அறிவர். இவளுடைய குடும்பமும் அவ்வாறு மீண்டதே. காடாகிப்போன வளவை வெட்டித் துப்புரவாக்கிக் குடிசை போட்ட காலத்தில், மீன்பிடித் தொழில் செய்த மாமா, வளவின் கிணற்றடி மூலையிலே பழைய வாகனப் பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வலைக்கு மணி வார்த்து விற்றிருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகள் இது நடந்தது. இப்போது அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். மூலை வெறுமையாகக் கிடக்கிறது. தண்ணீர் வசதியுள்ள இடமாகையால் அங்கே கீரைப் பாத்தி கட்ட வேண்டும் என்பது அம்மம்மாவின் விருப்பம். பேத்தியின் திட்டம் அதைவிட அழகானது. முதல் ஆண்டு செண்டுப் பூ நடுவது. அது ஈயத்தை எடுத்துக்கொள்ளும். பூவை மாலை கட்டிக் கோவிலுக்குக் கொடுப்பது. அடுத்த மாரிக்குக் கீரை விதைப்பது.

பெண்ணின் கண்ணில் இருந்த ஒளியைக் கண்ட நாம், “மிக நல்ல யோசனை பிள்ளை, அப்படியே செய்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தவர் ஆராயாமற் சொல்லத்தகாத வார்த்தை அது. அன்றிரவு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தபோதுதான் அது தெரிந்தது.

அவள் வாசித்தது பொய்யன்று. அதை முதலிற் சொல்லிவிட வேண்டும். சில தாவரங்கள் உலோகத்தை வேரால் வாங்கி, தண்டின் வழியே மேலேற்றி, இலையிலே சேமித்து வைக்கின்றன. ஐரோப்பாவிலே பெல்ஜியமும் ஜேர்மனியும் சந்திக்கும் பகுதியில், பழைய துத்தநாகச் சுரங்கங்களைச் சுற்றிய மண்ணில், மற்றச் செடிகள் வாடும் இடத்திலே மஞ்சள் நிற வயலற் பூ ஒன்று தழைத்து நிற்கும். அப்பூவைக் கண்ட இடத்திலே துத்தநாகம் உண்டு என்று அந்நாட்டார் அறிந்திருந்தனர். பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் இருக்கிறது. அதன் பட்டையைக் கீறினால் நீலம் கலந்த பச்சைப் பால் வடியும். அந்தப் பாலை உலர்த்தி நிறுத்தால் நாலில் ஒரு பங்கு நிக்கல். 1976ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானபோது தாவரவியலாளர்களே வியந்தனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? எமது தீவின் தென்கரையில், அம்பலாந்தோட்டைக்கு அண்மையில், உஸ்ஸங்கொட என்றொரு செம்மண் வெளி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மரமில்லை, பற்றையுமில்லை, தரையோடு தரையாகச் சிறுசெடிகள் மாத்திரமே. இராவணனுடைய விமானம் இறங்கும் தளமாக இருந்தது, அனுமன் வைத்த தீயில் மண் சிவந்தது என்று அப்பகுதியார் கதை சொல்வார்கள். கோணேசர் மலையில் இராவணன் வெட்டைக் காட்டி வளர்ந்த திருக்கோணமலையார்க்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் வேறு. அம்மண் சேர்ப்பன்ரைன் என்னும் பாறை சிதைந்து உண்டானது; இரும்பும் மக்னீசியமும் நிக்கலும் குரோமியமும் அதில் மிகுதி. பயிருக்கு வேண்டிய சத்துக்களோ குறைவு. 2010ஆம் ஆண்டு அவ்விடம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

அந்த மண்ணில் வளரும் செடிகளை ராஜகருணா, போம் என்னும் இரு தாவரவியலாளர் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுட் சில, உலர்ந்த இலை ஒரு கிலோகிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் நிக்கலைச் சேர்த்து வைத்திருந்தன. மிகுதியாக உலோகம் சேர்க்கும் தாவரம் என்ற பட்டத்துக்கு அதுவே எல்லை. அச்செடிகளின் பெயரைப் படித்தபோது நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஒன்று விஷ்ணுகிராந்தி, மற்றொன்று ஓரிதழ் தாமரை. காய்ச்சலுக்கும் உடல் தேற்றத்துக்கும் எமது பாட்டிமார் பறித்து வந்த அதே மூலிகைகள்! எல்லா மண்ணிலும் அவை நிக்கலைச் சேர்ப்பதில்லை; மண்ணில் இருந்தால் அல்லவோ சேர்ப்பதற்கு? ஆயினும் மூலிகை வாங்குவோர் இனிமேல், “இதை எங்கே பறித்தீர்கள்?” என்று கடைக்காரரைக் கேட்பதில் தவறில்லை.

இடையிலே ஒரு வார்த்தை. தீவின் நடுவே உயர்நிலப் பாறைத் தொகுதிக்கும் கிழக்கிலுள்ள விஜயன் பாறைத் தொகுதிக்கும் இடையே ஓர் எல்லை ஓடுகிறது. சேர்ப்பன்ரைன் திட்டுகள் அந்த எல்லையை ஒட்டியே அங்குமிங்கும் கிடக்கின்றன. அதே எல்லையிலேதான் சம்பூருக்குத் தெற்கே, சேருவிலவுக்கு அண்மையில், செம்பும் இரும்பும் கலந்த கனியப் படிவு ஒன்று 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. எனவே மண்ணில் உலோகம் இருந்தால் அதற்கு மனிதனே காரணம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. மாணவியின் கிணற்றடி மூலைக்கு இந்த நியாயம் பொருந்தாது என்பது வேறு விஷயம்.

செடி ஏன் இந்த நஞ்சை வாங்குகிறது? பெரும்பாலும் ஏமாந்துபோய் வாங்குகிறது. துத்தநாகம் செடிக்குச் சிறிதளவு தேவை. அதை உள்ளே விட வேரில் வாயில்கள் உண்டு. கட்மியம் என்னும் நச்சு உலோகம் துத்தநாகத்தின் சாயலுடையது. அதே வாயிலால் நுழைந்துவிடும். வைத்தியர் பாஷாணம் என்று சொல்லும் ஆர்சனிக், பொஸ்பேற்றின் வேடத்தில் வரும். உள்ளே வந்த நஞ்சைச் செடி சிறு புரதத் துணுக்குகளாற் பிணைத்து, உயிரணுவின் உட்பைகளிலே அடைத்து வைக்கிறது. அவ்வாறு அடைத்து வைக்கும் ஆற்றல் மிக்க செடியே சாகாமற் பிழைக்கிறது. பூச்சிகள் கடிக்காமலிருக்க இதுவே காவலாகிறது என்று கருதுவோரும் உளர்.

இத்தகைய செடிகளை நட்டு மண்ணைத் துப்புரவாக்கலாம் என்ற எண்ணம் 1980களிலேயே முன்வைக்கப்பட்டது. அலங்காரச் செடிகளை ஆராய்ச்சியாளர் விரும்புவதற்குக் காரணம் எளியது. நெல்லிலோ கீரையிலோ ஏறிய நஞ்சு உணவாகி உடலுக்குள் வரும். செண்டுப் பூவை யாரும் கறி சமைப்பதில்லை. பூவை விற்றுச் சிறிது காசும் பார்க்கலாம். சீன ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்விலே காசித்தும்பை முதலிய மூன்று அலங்காரச் செடிகளைக் கட்மியமும் ஈயமும் கலந்த மண்ணில் வளர்த்துப் பார்த்தனர். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில், மரத்துக்கு மருந்தேற்றிய தொழிற்சாலை நிலத்திலே, ஒரு பன்னச் செடி ஆர்சனிக்கை அள்ளிக் குவித்து வைத்திருப்பதை லீனா மா என்ற பேராசிரியரின் குழு கண்டது. எமது நாட்டிலும் பழைய சுவர் வெடிப்புகளில் முளைக்கும் சாதிப் பன்னந்தான் அது.

இவ்வளவும் படித்த பிறகுதான் கணக்கைப் போட்டோம்.

மாணவி சொன்ன மூலை ஏறக்குறைய 10 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம். வேர் படியும் 20 சென்ரிமீற்றர் ஆழத்தை எடுத்துக்கொண்டால் மண்ணின் நிறை சுமார் 26 தொன். அதில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கட்மியம் மிகையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 130 கிராம். ஒரு போகச் செண்டுப் பூச் செடிகளை வேரோடு பிடுங்கி உலர்த்தினால் 50 கிலோ தேறும் என்றும், அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கட்மியம் ஏறும் என்றும் தாராளமாகவே கொள்வோம். ஒரு போகத்தில் வெளியேறுவது இரண்டரைக் கிராம்! 52 போகம் நட வேண்டும். ஆண்டுக்கு மூன்று போகம் என்றாலும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். இன்று நாலு வயதான தம்பி இருபத்தொரு வயதில் கீரை சாப்பிடலாம்.

அது கட்மியத்தின் கதை. மாணவியின் வளவிலே கிடப்பதோ ஈயம். பற்றரி உடைத்த இடத்திலே கிலோவுக்கு 500 மில்லிகிராம் மிகையாக இருப்பது பெரிய வியப்பன்று. அப்படியானால் மொத்தம் 13 கிலோ ஈயம். செடி அதே வேகத்தில் எடுத்தாற்கூட 5,200 போகம். ஆண்டுக் கணக்கில் 1,700க்கு மேல். சங்க காலத்தின் கடைசிப் புலவர்கள் இருந்த நாளிலே செண்டுப் பூவை நடத் தொடங்கியிருந்தால் (அப்போது அது மெக்சிக்கோ நாட்டை விட்டு இங்கே வரவேயில்லை!) இன்றைக்கு வேலை முடிந்திருக்கும். உண்மையிலோ அந்த வேகமும் கிட்டாது. ஈயம் களிமண்ணோடும் மக்கோடும் இறுகப் பிணைந்து கிடப்பது. நீரிலே கரைவது மிகச் சொற்பம். கரைந்து வேரை அடைந்த சொற்பத்தையும் பெரும்பாலான செடிகள் வேரிலேயே நிறுத்திவிடும், தண்டுக்கு விடுவதில்லை.

ஈயத்தைக் கரைத்துவிடும் இரசாயனத்தை மண்ணில் ஊற்றினால் செடி கூடுதலாக எடுக்குமே என்று வகுப்பிலே ஒருவன் பின்னர் கேட்டான். எடுக்கும், பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் செடி எடுக்காத மிச்சம் மழைநீரோடு கீழே இறங்கும். கீழே இருப்பது கிணறு.

செடியின் மேல் வைத்த நம்பிக்கை பொய்த்துப்போன வரலாறு ஒன்றும் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு செர்னோபில் அணு உலை வெடித்த பகுதியிலே, பின்னர் ஒரு குளத்தில் சூரியகாந்திச் செடிகளைத் தெப்பங்களிலே மிதக்க விட்டு, கதிரியக்கப் பொருள்களை வேர்கள் வாங்குவதைக் கண்டார்கள். அந்தப் புகழ் உலகெங்கும் பரவியது. 2011ஆம் ஆண்டு ஜப்பானில் புகுஷிமா விபத்து நிகழ்ந்தபோது, மக்கள் அந்த நம்பிக்கையோடு வயல்களிலும் கோவில் முற்றங்களிலும் சூரியகாந்தியை நட்டனர். அவ்வாண்டே அந்நாட்டு விவசாய அமைச்சு பரிசோதித்துச் சொன்ன விடை என்ன? மண்ணிலிருந்த சீசியத்தில் சூரியகாந்தி எடுத்தது ஏறக்குறைய 2,000இல் ஒரு பங்கு. குளத்து நீரிலே கரைந்திருப்பதை வேர் எளிதில் வாங்கும். மண்ணோ தன் பிடியை விடாது. முடிவிலே மேல்மண்ணைச் சுரண்டி அகற்றுவதே பயன் தந்தது.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறிச் சம்பூருக்குப் போனோம். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதைக் கடிதத்திலே செய்வது அழகன்று. கிண்ணியாவிலும் அதற்கப்பாலும் பாலங்கள் வந்துவிட்டபடியால், முன்போலத் திருக்கோணமலையில் மூதூர்ப் படகுக்குக் காத்திருக்க வேண்டிய வில்லங்கமில்லை.

நல்ல வேப்ப நிழல். மண்ணிலே கறுத்த கட்டிகளாக ஈயக் கசடு இன்னும் கிடந்தது. தம்பி அதிலொன்றைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் இட்டு உருட்டிக்கொண்டிருந்தான். நாம் முதலிற் செய்தது சிரட்டையைப் பறித்ததுதான். பிள்ளை பெரிதாக அழுதான். ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்குவது. இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது உடலுக்குள் போவது பெரும்பாலும் கீரையால்கூட அன்று. புழுதி ஒட்டிய கை வாய்க்குப் போவதால்.

கணக்கைத் திண்ணையிலே விரித்துக் காட்டினோம். மாணவி முகம் வாடிப்போயிற்று. அம்மம்மா மட்டும் விடவில்லை.

“அப்ப அந்தப் பூவை அம்பாளுக்கும் சாத்தக்கூடாதோ, வாத்தியார்?”

கேள்விகளிலெல்லாம் இதுவே கூரியது. எந்தக் கட்டுரையிலும் நாம் இதைக் காணவில்லை. பூவிலே ஏறும் உலோகம் மிகக் கொஞ்சமாகவே இருக்கும். சாத்துவதனால் அம்பாளுக்கு ஒரு குறையும் வராது. ஆனால் சாத்திய மாலை மறுநாள் எங்கே போகிறது? நந்தவனத்து மரத்தடிக்கு உரமாக, அல்லது கடலுக்கு, கேணிக்கு. செடி நஞ்சை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்திலே வைக்கிறது, அவ்வளவுதான். அறுத்த செடியை வளவிலேயே போட்டு மக்கவிட்டால் எடுத்ததெல்லாம் மீண்டும் மண்ணுக்கே போய்விடும். அடுப்பிலே எரித்தால் சாம்பலிலும் புகையிலும் நிற்கும். இம்முறையைச் சரியாகச் செய்வோர், அறுவடை முழுவதையும் சேர்த்துக் கட்டுப்பாடான உலையிலே எரித்து, சாம்பலை நச்சுக் கழிவாகவே வைத்துக் காக்கிறார்கள். ஒரு குடும்பம் தன் கொல்லையிலே செய்யக்கூடிய காரியமா அது?

செடியால் ஒரு பயனுமில்லையா என்றால் உண்டு. நஞ்சை எடுக்காவிட்டாலும் கட்டிப் போடும். அடர்ந்த புல்லும் பூஞ்செடியும் மூடிய நிலத்திலே புழுதி எழாது. மழை மண்ணை வாரிக் கிணற்றடிக்குக் கொண்டுபோகாது. வெட்டிவேர் இதிலே பேர்போனது. ஆழ வேர்விட்டு உலோகத்தை வேரிலேயே தங்கவைக்கும். (அந்த வேரைப் பிடுங்கி மண்பானைத் தண்ணீரில் வாசனைக்குப் போட்டுவிடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது; அம்மம்மாவின் பானையிலே ஒரு கட்டு மிதந்தது, நல்லவேளையாக அது கடையில் வாங்கியது.)

எனவே திட்டத்தை மாற்றினோம். கசடுக் கட்டிகளைக் கையுறையோடு பொறுக்கி மூடியுள்ள தகரத்தில் அடைப்பது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் தெரிவித்து, அதை எங்கே ஒப்படைப்பது, கறுத்த மேல்மண்ணை அகற்றலாமா என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்பது. கிணற்று நீரையும் பரிசோதிப்பது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் அயல் வீட்டுத் தண்ணீர். மூலையை வேலியிட்டு, வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணை ஒரு முழ உயரத்துக்குப் பரப்பி, புல்லும் பூவும் நடுவது. கீரைக்கு வீட்டின் மறுபக்கம். அதுவும் பழைய சாக்குகளிலே நல்ல மண் நிரப்பி.

என்ன பூ என்பதிலேதான் பெரும் விவாதம். அலரி என்றோம், ஆடு கடிக்காது என்பதால். அலரியே நஞ்சாயிற்றே, பிள்ளை இலையைக் கடித்தால் என்ன செய்வது என்றாள் தாய். செவ்வரத்தை என்றால் ஆடு ஒரு நாளில் முடித்துவிடும். ஆட்டுப்பால் வீட்டுக்கே வரும். பட்டிப்பூ மணலிலும் வெயிலிலும் தாங்கி நிற்கும், ஆடும் தொடாது என்று நாம் சொன்னபோது, அம்மம்மா சிரித்துவிட்டார். நீரிழிவுக்கு அதன் பூவைத்தான் நாள்தோறும் அவித்துக் குடிக்கிறாராம்! வேலிக்குள்ளே வளர்வதைத் தொடுவதில்லை என்று பேத்தியிடம் வாக்குக் கொடுத்த பின்னரே அது முடிவாயிற்று.

திரும்பும் வழியிலே, நிலக்கரி மின்நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த பக்கத்தைப் பார்த்தோம். 500 மெகாவாற் அளவிலே இந்தியக் கூட்டுறவோடு இங்கே கட்டப்படவிருந்த அந்நிலையம், வழக்குமன்றம் வரை சென்று 2016ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. நிலக்கரிச் சாம்பலிலே ஆர்சனிக்கும் ஈயமும் கட்மியமும் இரசமும் உண்டு. நூறு சதுர மீற்றருக்கு நாம் போட்ட கணக்கை ஒரு சாம்பல் மேட்டுக்குப் போட்டுப் பார்க்கும் வேலையை, சம்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்த முடிவு மிச்சப்படுத்தியிருக்கிறது.

மாணவி மூலையின் மூன்று இடங்களிலிருந்து எடுத்த மண், தனித்தனிப் பொட்டலமாக, தேதியும் ஆழமும் குறித்து, கிணற்று நீர்ப் போத்தலோடு பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போயிருக்கிறது. நாலாவது பொட்டலம் ஒன்றையும் அவள் கட்டியிருந்தாள். வேலிக்கு அப்பால், தம்பி இப்போது விளையாடும் இடத்து மண். அதை எடுக்கும்படி நாம் சொல்லவில்லை. முடிவு கைக்கு வந்ததும் இப்பகுதியிலே எழுதுவோம்.